ஆன்டிபயாடிக்கைப் பாலோடு விழுங்கலாமா?

மருந்துக் கடையில் மாத்திரை அட்டையை வாங்கிப் பையில் போடும்போது நம் ஊரில் பலரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இதுக்குப் பத்தியம் ஏதாவது இருக்கா?" கடைக்காரர் கூட்டத்தின் நடுவே, "அதெல்லாம் ஒண்ணும் இல்ல, சாப்பிட்டுட்டுப் போடுங்க" என்று அனுப்பிவிடுவார். வீட்டுக்கு வந்தால் ஆளுக்கொரு யோசனை. ஆன்டிபயாடிக் சூடு, பாலோடு போடு என்பார் ஒருவர். மோர் குடித்தால் மருந்து முறிந்துவிடும் என்பார் இன்னொருவர். உடம்பு தளர்ந்து கிடக்கிறது, கூடவே ஒரு சத்து மாத்திரையும் போட்டுக்கொள் என்பார் மூன்றாமவர்.

மூவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எந்த ஆன்டிபயாடிக் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. பாக்டீரியா என்னும் நுண்ணுயிரைக் கொல்லும் அல்லது வளரவிடாமல் தடுக்கும் எல்லா மருந்துக்கும் பொதுவான பெயர்தான் ஆன்டிபயாடிக். அதற்குள் ஒன்றுக்கொன்று உறவே இல்லாத பல குடும்பங்கள் இருக்கின்றன. ஒன்றுக்குப் பால் ஆகாது. இன்னொன்றைப் பால் ஒன்றும் செய்யாது. மூன்றாவது ஒன்று, சாப்பாட்டோடு போனால்தான் உடம்பில் சரியாகச் சேரும்.

பாலில் மருந்து சாப்பிடும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. சித்த மருத்துவத்தில் அனுபானம் என்று ஒன்று உண்டு: ஒரு மருந்தைத் தேனிலா, பாலிலா, நெய்யிலா, வெந்நீரிலா, எதில் கலந்து கொடுக்க வேண்டும் என்ற கணக்கு. அந்தக் கணக்கு மருந்துக்கு மருந்து மாறும். அதில் பாலை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு எல்லா மாத்திரைக்கும் நாம் நீட்டிவிட்டோம்.

உப்புத் தண்ணீரில் சோப்பு

போர்வெல் தண்ணீரில் குளித்தவர்களுக்கு இது தெரியும். எவ்வளவு தேய்த்தாலும் சோப்பு நுரைக்காது. வெள்ளையாகத் திரிந்து வாளியின் விளிம்பில் படியும். அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்பைப் பிடித்துக்கொள்வதால் வரும் வினை அது. சோப்பு எங்கும் போய்விடவில்லை. தேய்த்த அளவு அங்கேயேதான் இருக்கிறது. வேறொன்றோடு ஒட்டிக்கொண்டதால் அழுக்கை எடுக்க அதற்குக் கை ஒழியவில்லை, அவ்வளவுதான்.

சில ஆன்டிபயாடிக்குகளுக்கு நம் வயிற்றில் நேர்வதும் ஏறக்குறைய இதேதான். பிடித்துக்கொள்பவர்களும் அதே ஆட்கள்: கால்சியம், மெக்னீசியம். கூட்டாளிகளாக இரும்பு, துத்தநாகம் (அதாவது ஜிங்க்), அலுமினியம்.

விழுங்கிய மாத்திரை முதலில் கரைய வேண்டும். பிறகு குடலின் சுவரைத் தாண்டி ரத்தத்தில் கலக்க வேண்டும். அப்புறம்தான் அது நுரையீரலுக்கோ சிறுநீர்ப் பைக்கோ போய்ச் சேரும். குடல் சுவரைத் தாண்டும் இந்தக் கட்டத்துக்கு உறிஞ்சல் என்று பெயர். உலோகத்தோடு ஒட்டிக்கொண்ட மருந்தால் அந்தச் சுவரைத் தாண்ட முடியாது. வந்த வழியே குடலில் நகர்ந்து மலத்தோடு வெளியேறிவிடும்.

மருந்தின் மூலக்கூறு இரண்டு பக்கமும் கை நீட்டி ஓர் உலோகத்தைக் கவ்விக்கொள்வதைக் கொடுக்கிணைப்பு என்கிறார்கள். நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. நண்டு பிடித்தவர்களுக்குத் தெரியும், கவ்வினால் லேசில் விடாது.

இதில் எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம், வெளியே ஒன்றுமே தெரியாது என்பதுதான். வாந்தி வராது, அரிப்பு வராது. வேளை தவறாமல் மாத்திரை போட்டிருப்போம், அட்டையும் தீர்ந்திருக்கும். காய்ச்சல் மட்டும் அப்படியே இருக்கும். "மருந்து கேட்கல டாக்டர்" என்று போய் நிற்போம். அவர் இன்னும் வலுவான ஒன்றை எழுதுவார். ரத்தத்தில் மருந்து பாதி அளவே போய்ச் சேர்ந்தால் பலவீனமான பாக்டீரியா சாகும், தாக்குப்பிடிப்பது பிழைத்துப் பெருகும் என்ற ஆபத்தும் இதோடு சேர்ந்துகொள்கிறது.

இது முதலில் தெரிந்த கதை

டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்தான ஆரியோமைசின் 1948-இல் வெளிவந்தது. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து அதைக் கண்டெடுத்தவர் பெஞ்சமின் டக்கர். அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் அப்போது ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகத சுப்பாராவ். ரத்தசோகைக்கு இன்று நாம் கொடுக்கும் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்ததும் அவர் தலைமையிலிருந்த அதே இடம்தான். ஒரு வைட்டமினும் ஓர் ஆன்டிபயாடிக்கும் ஒரே கூரையின் கீழ் பிறந்திருக்கின்றன.

ஆரியோமைசின் வயிற்றைப் புரட்டியது. நோயாளிகளுக்குக் குமட்டல். மருத்துவர்கள் அதற்கு அலுமினியம் ஹைட்ராக்சைடு கலந்த வயிற்றெரிச்சல் மருந்தைச் சேர்த்துக் கொடுத்தார்கள். பிறகு ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் ஆன்டிபயாடிக்கின் அளவு பெரிதும் குறைந்திருந்தது. நல்ல எண்ணத்தில் கொடுத்த மருந்து, இன்னொரு நல்ல மருந்தைக் கட்டிப்போட்டிருந்தது. பாலும் அதே வேலையைச் செய்கிறது என்பது பின்னால் தெரியவந்தது.

டெட்ராசைக்ளினுக்குக் கால்சியத்தின் மேல் உள்ள பிடிப்பு எவ்வளவு என்று பார்க்க வயிற்றுக்குள் போக வேண்டியதில்லை. பல் முளைக்கும் வயதில் இந்த மருந்தை அதிகம் சாப்பிட்ட குழந்தைகளின் பற்களைப் பார்த்தாலே போதும். வளரும் பல்லில் உள்ள கால்சியத்தோடு மருந்து ஒட்டி, மஞ்சளும் பழுப்புமாக நிரந்தரக் கறையாகிவிடும். கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் இதைத் தவிர்ப்பது அதனால்தான்.

எந்த மருந்து, எந்த உலோகம்

இரண்டு குடும்பங்களை நினைவில் வைத்தால் போதும்.

ஒன்று டெட்ராசைக்ளின் குடும்பம். டெட்ராசைக்ளின், டாக்சிசைக்ளின், மினோசைக்ளின் இதில் வரும். எலிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைஃபஸ் (உண்ணிக்காய்ச்சல்), முகப்பரு என்று நம் பக்கம் டாக்சிசைக்ளின் நிறையப் புழங்குகிறது. 2018 வெள்ளத்தின்போது கேரளத்தில் எலிக்காய்ச்சல் தடுப்புக்காக வாரம் 200 மில்லிகிராம் கொடுத்தார்கள். இலங்கையில் வயலில் இறங்கும் விவசாயிகளுக்கும் கொடுக்கிறார்கள்.

இன்னொன்று, பெயர் "ஃப்ளாக்சசின்" என்று முடியும் குடும்பம். சிப்ரோஃப்ளாக்சசின், நார்ஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின். சிறுநீர்த் தொற்றுக்கும் வயிற்றுப்போக்குக்கும் அடிக்கடி எழுதப்படுபவை.

பாலோடு விழுங்கினால் பழைய டெட்ராசைக்ளினில் பாதிக்கு மேல் வீணாகலாம். சிப்ரோஃப்ளாக்சசினில் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறையும். டாக்சிசைக்ளினுக்குப் பால் அவ்வளவு பெரிய எதிரி இல்லை. ஐந்தில் ஒரு பங்கு அளவே குறையும் என்பதால், வயிறு ஒத்துக்கொள்ளாதவர்களைச் சாப்பாட்டோடு எடுக்கச் சொல்வார்கள். தவறில்லை.

பாலை விடப் பெரிய வில்லன் வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் பிங்க் நிறத் திரவம்தான். ஜெலுசில், டைஜீன் போன்றவற்றில் அலுமினியமும் மெக்னீசியமும் இருக்கின்றன. அதைக் குடித்த சூட்டோடு சிப்ரோஃப்ளாக்சசின் போட்டால் மருந்தில் 90 சதவீதம் வரைகூட உறிஞ்சப்படாமல் போகலாம். 500 மில்லிகிராம் விழுங்கி 50 மில்லிகிராம் உள்ளே போவது மாதிரி. குடல்புண்ணுக்குக் கொடுக்கும் சுக்ரால்ஃபேட்டிலும் அலுமினியம் உண்டு. ஆனால் வயிற்று அமிலத்தைக் குறைக்கக் காலையில் வெறும் வயிற்றில் போடும் பான்டோப்ரசோல் வேறு ரகம். அதில் இந்த உலோகங்கள் இல்லை, இந்தக் கவ்வல் நடக்காது.

பால், மாத்திரை என்று சொன்னால் புரிந்துகொள்கிறோம். கண்ணில் படாமல் ஒளிந்திருக்கும் உலோகங்களைத்தான் கவனிக்கத் தவறுகிறோம். முழங்கால் வலிக்கான கால்சியம் மாத்திரை. பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுக்கும் இரும்பு மாத்திரை. கால்சியமும் இரும்பும் சேர்த்து டப்பாவில் வரும் சத்து பானங்கள். கேழ்வரகுக் கூழ். சித்த மருந்து சாப்பிடுபவர் என்றால் சங்கு பற்பமும் முத்துச்சிப்பி பற்பமும் கால்சியம்தான், அயச்செந்தூரம் இரும்புதான். "அது நாட்டு மருந்துதானே" என்று டாக்டரிடம் சொல்லாமல் விடுகிறோம். வெற்றிலையில் தடவும் சுண்ணாம்புகூடக் கால்சியம்தான். அளவு சிறிது, ஆனாலும் மாத்திரையை விழுங்கிய கையோடு வெற்றிலை மடிக்க வேண்டாம்.

அப்படியென்றால் போர்வெல் தண்ணீரில் மாத்திரை விழுங்கலாமா என்று கேட்பீர்கள். தாராளமாக. ஒரு டம்ளர் பாலில் 200 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கும். கடின நீரானாலும் ஒரு டம்ளரில் அதில் சிறு பங்குதான் இருக்கும்.

இதுவரை பார்த்தது: டெட்ராசைக்ளின் குடும்பமும் ஃப்ளாக்சசின் குடும்பமும் வயிற்றில் உலோகங்களோடு ஒட்டிக்கொள்ளும், ஒட்டிக்கொண்டால் ரத்தத்தில் சேராது. அமாக்சிசிலின், செஃபிக்சிம், அசித்ரோமைசின் சாப்பிடுபவர்கள் பாலைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

கடிகாரம் பார்த்துச் சாப்பிடுவது

என் பெரியம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று வந்து சிப்ரோஃப்ளாக்சசின் எழுதியிருந்தார்கள். காலை எட்டு மணிக்கு ஒரு டம்ளர் பால், அதோடு இந்த மாத்திரை, முட்டிக்கான கால்சியம் மாத்திரை, எல்லாம் ஒரே வாயில். ராத்திரியும் அதேபோல. நான்காம் நாளும் எரிச்சல் குறையவில்லை. மறுபடி போனபோது அந்த டாக்டர் மருந்தை மாற்றவில்லை. "மாத்திரைய எதோட போடுறீங்கம்மா?" என்று மட்டும் கேட்டார். பெரியம்மா பெருமையாகத்தான் சொன்னார், வெறும் தண்ணீரில் போடுவதில்லை, பாலில்தான் என்று. டாக்டர் கால்சியத்தை மதியத்துக்கு மாற்றச் சொன்னார், பாலை நடுப்பகலுக்குத் தள்ளச் சொன்னார். மாத்திரை அதேதான். இரண்டு நாளில் எரிச்சல் நின்றது.

அந்த மதியக் கணக்கு எப்படி வந்தது? கால்சியம், இரும்பு, ஜிங்க் மாத்திரைகளுக்கோ ஜெலுசில் வகைக்கோ குறைந்தது 2 மணி நேரம் முன்பு, அல்லது 6 மணி நேரம் பின்பு சிப்ரோஃப்ளாக்சசினைச் சாப்பிட வேண்டும். ஆன்டிபயாடிக் முதலில் போனால் இரண்டு மணி நேரத்தில் பெரும்பகுதி உறிஞ்சப்பட்டுவிடும், அதன்பின் உலோகம் வந்து கவ்வ ஒன்றும் மிச்சமிருக்காது. உலோகம் முதலில் போனால் அது குடலில் நெடுநேரம் தங்கும், அதனால் ஆறு மணி நேரம். காலை 8, இரவு 8 என்று மாத்திரை போடுபவர் காலை 10 முதல் மதியம் 2 மணிக்குள் கால்சியத்தை முடித்துக்கொள்ளலாம். லெவோஃப்ளாக்சசினுக்கு முன்னும் பின்னும் 2 மணி நேரம் போதும். மாக்சிஃப்ளாக்சசினுக்கு 4 மணி நேரம் முன்பு அல்லது 8 மணி நேரம் பின்பு.

தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது பழக்கப்பட்ட விஷயம். அதையும் கால்சியம், இரும்பு மாத்திரைகளோடு சேர்க்கக் கூடாது என்று சொல்லியிருப்பார்கள். காரணம் ஏறக்குறைய ஒன்றே.

சிப்ரோஃப்ளாக்சசினில் ஒரு சின்ன சலுகை உண்டு. தனியாகப் பாலோ தயிரோ குடித்து அதோடு விழுங்கக் கூடாது, ஆனால் முழுச் சாப்பாட்டில் ஒரு பகுதியாகத் தயிர் இருந்தால் பெரிய பாதிப்பில்லை. கடைசியில் ஒரு கை தயிர் சாதம் பிசைந்ததற்காகக் கலங்க வேண்டாம்.

டாக்சிசைக்ளினும் இரும்பும் சேரும்போது மட்டும் ஒரு வினோதம். ஊசி வழியாக ரத்தத்தில் நேரே ஏற்றினாலும், வாயால் சாப்பிட்ட இரும்பு அந்த மருந்தைக் குறைத்துவிடுகிறது. இந்த மருந்தின் ஒரு பகுதி பித்தநீர் வழியாக மறுபடி குடலுக்கு வந்து, அங்கிருந்து திரும்ப உறிஞ்சப்படும். அப்படித் திரும்பி வரும்போது காத்திருக்கும் இரும்பு பிடித்துக்கொள்கிறது. எனவே நேரம் தள்ளிப் போட்டாலும் முழுதாகத் தப்ப முடியாது. ஐந்து, ஏழு நாள் கோர்ஸ் என்றால் அந்த நாட்களுக்கு இரும்பு மாத்திரையை நிறுத்தி வைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

வெறும் வயிறா, சாப்பிட்ட பிறகா?

இங்கே உலோகம் இல்லை, வெறும் உணவுதான் விஷயம். பேருந்து நிலையத்தில் கூட்டம் இருந்தால் ஏறுவது தாமதமாகும், சிலருக்கு ஏறவே முடியாது. நிரம்பிய வயிற்றில் ஆம்பிசிலினுக்கும் கிளாக்சசிலினுக்கும் அதுதான் கதி. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு அல்லது இரண்டு மணி நேரம் பின்பு. காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் ஐசோனியசிடும் காலையில் வெறும் வயிற்றுக்கு.

எதிர்த்திசையிலும் உண்டு. செஃப்யூராக்சிம் மாத்திரையும், சிறுநீர்த் தொற்றுக்கான நைட்ரோஃப்யூரான்டாயினும் சாப்பாட்டோடு போனால்தான் நன்றாகச் சேரும். அமாக்சிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையைச் சாப்பாடு ஆரம்பிக்கும்போதே போட வேண்டும், வயிறும் புரளாது. தனி அமாக்சிசிலினுக்கு எதுவும் சரி. கடைக்காரர் எல்லோருக்கும் சொல்லும் "சாப்பிட்டுட்டுப் போடுங்க" பாதிப் பேருக்குத்தான் பொருந்தும்.

எப்போது போட்டாலும் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் வேண்டும். டாக்சிசைக்ளினை ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கி உடனே படுத்தால், கேப்சூல் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். அரை மணி நேரமாவது நிமிர்ந்து உட்கார்ந்திருங்கள்.

கூடவே வரும் பி-காம்ப்ளெக்ஸ்

ஆன்டிபயாடிக் எழுதிய சீட்டில் ஒரு பி-காம்ப்ளெக்ஸும் இருப்பது நம் நாட்டுப் பழக்கம். குடலில் வாழும் நல்ல பாக்டீரியா சில பி வைட்டமின்களை உண்டாக்குகின்றன, ஆன்டிபயாடிக் அவற்றையும் கொல்கிறது, ஆகவே ஈடு செய்ய வேண்டும் என்பது காரணம். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் பி வைட்டமின்கள் நமக்கு முதன்மையாகக் கிடைப்பது உணவிலிருந்துதான். நன்றாகச் சாப்பிடும் ஒருவருக்கு ஐந்து நாள் ஆன்டிபயாடிக்கால் வைட்டமின் பற்றாக்குறை வந்துவிடாது. உடம்பு அசதிக்கு நோய்தான் காரணம்.

சும்மா கிடக்கட்டும், நல்லதுதானே என்று விட்டுவிடலாம், ஒரு சிக்கல் இல்லையென்றால். சந்தையில் உள்ள பல பி-காம்ப்ளெக்ஸ் கேப்சூல்களில் ஜிங்க் சேர்ந்திருக்கிறது. சிப்ரோஃப்ளாக்சசின் அல்லது டாக்சிசைக்ளினோடு அதையும் ஒரே நேரத்தில் போட்டால், துணைக்கு வந்தவரே மருந்தின் கையைப் பிடித்துக்கொள்கிறார். அட்டையின் பின்புறம் ஜிங்க், இரும்பு, கால்சியம் என்று ஏதாவது இருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பாருங்கள். இருந்தால் நேரம் தள்ளிப் போடுங்கள்.

வைட்டமின் கட்டாயம் வேண்டிய ஓர் இடமும் உண்டு. காசநோய்க்கான ஐசோனியசிட், பி6 என்னும் வைட்டமினை உடம்பு பயன்படுத்தவிடாமல் செய்கிறது. நரம்புகளுக்கு அது அவசியம். இல்லாவிட்டால் பாதங்களில் மதமதப்பு, எரிச்சல், ஊசி குத்தும் உணர்வு தொடங்கும். சரியாகச் சாப்பிடாதவர்கள், சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். காசநோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று 1959-இல் உலகுக்குக் காட்டிய சென்னை காசநோய் வேதிசிகிச்சை மையம்தான், குறைந்த அளவு பி6 கொடுத்தால் இந்த நரம்புப் பாதிப்பைத் தடுக்க முடியுமா என்பதையும் 1960-களில் ஆராய்ந்தது. இன்று காசநோய் மருந்தோடு வரும் சின்னப் பி6 மாத்திரையைத் தேவையில்லாத சத்து மாத்திரை என்று ஒதுக்கிவிடாதீர்கள். அதிகம் போட்டால் இன்னும் நல்லது என்றும் நினைக்காதீர்கள், நெடுநாள் அளவுக்கு மீறிய பி6-உம் நரம்பைக் கெடுக்கும்.

கோ-ட்ரைமாக்சசோல் என்னும் சல்ஃபா மருந்து வேலை செய்வதே ஒரு வைட்டமினை வைத்துத்தான். பாக்டீரியா தனக்கு வேண்டிய ஃபோலேட்டைத் தானே சமைத்துக்கொள்ளும். நாம் கீரையிலிருந்தும் பருப்பிலிருந்தும் எடுத்துக்கொள்கிறோம். மருந்து பாக்டீரியாவின் அடுப்பை அணைக்கிறது, நம் சாப்பாட்டில் கை வைப்பதில்லை. நெடுநாள் சாப்பிடுபவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும்தான் ஃபோலேட் கவலை எழுகிறது.

இதய வால்வு மாற்றியவர்கள் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரினோ அசெனோகூமரோலோ சாப்பிடுவார்கள். அது வைட்டமின் கே-வுக்கு எதிராக வேலை செய்யும் மருந்து. மெட்ரோனிடசோல், கோ-ட்ரைமாக்சசோல் போன்ற ஆன்டிபயாடிக்குகள் அதன் வேகத்தைக் கூட்டி ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடலாம். இவர்கள் எந்த ஆன்டிபயாடிக்கைத் தொடங்கினாலும் ரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

சுருக்கமாக: குறுகிய கோர்ஸுக்கு வைட்டமின் பெரும்பாலும் தேவைப்படாது, அதில் ஒளிந்த ஜிங்க் மருந்தைத் தடுக்கலாம், ஐசோனியசிடுக்கு மட்டும் பி6 மருந்துக்குச் சமம்.

ஈரலில் நடக்கும் நெரிசல்

இதுவரை உணவு மருந்தைத் தடுத்தது. இனி மருந்து உணவைத் தடுப்பது. நாம் சாப்பிடும் பல பொருள்களை உடைத்து வெளியேற்றும் வேலையை நொதிகள் செய்கின்றன. உடம்பின் வேதிமாற்றங்களை வேகப்படுத்தும் புரதங்கள் அவை. ஈரலில் நிறைய உண்டு. ஒரு நொதியை மருந்து அடைத்துக்கொண்டால், அது உடைக்க வேண்டிய பொருள் உடம்பிலேயே தேங்கும்.

காபியில் உள்ள கஃபீனை உடைக்கும் நொதியைச் சிப்ரோஃப்ளாக்சசின் அடைத்துவிடும். வழக்கமான இரண்டு டிகிரி காபி நான்கு குடித்த மாதிரி படபடப்பையும் தூக்கமின்மையையும் தரும். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று பாதியில் நிறுத்திவிடுவார்கள். காபியைக் குறைத்தாலே சரியாகியிருக்கும்.

ஐசோனியசிடின் கதை இன்னும் சுவாரசியமானது. சரியாகக் குளிரில் வைக்காத சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களில் ஹிஸ்டமின் என்ற பொருள் சேரும். ஒவ்வாமையில் நம் உடம்பு சுரக்கும் அதே பொருள். சாதாரணமாகக் குடலில் உள்ள நொதி அதை உடைத்துவிடும். ஐசோனியசிட் அந்த நொதியைத் தடுக்கிறது. 1970-களில் இலங்கையில் காசநோய் மருந்து சாப்பிட்டவர்கள் சூரை மீன் சாப்பிட்டபின் முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடத்து மருத்துவமனைக்கு வந்தார்கள். மருந்துதான் ஒவ்வாமை என்று நினைத்து நிறுத்தியிருந்தால் காசநோய் முற்றியிருக்கும். அங்கிருந்த மருத்துவர்கள் மீனைக் கண்டுபிடித்து எழுதினார்கள். காசநோய் சிகிச்சை நடக்கும் ஆறு மாதமும் சூரையையும் மாசிக் கருவாட்டையும் ஒதுக்கி வைப்பது நல்லது.

மருந்துக்கு அடங்காத காசநோய்க்குக் கொடுக்கும் லினசோலிட், டைரமின் என்னும் பொருளை உடைக்கும் நொதியைத் தடுக்கும். நாள்பட்ட சீஸ், சோயா சாஸ், நொதிக்க வைத்த இறைச்சி, மீன் வகைகளில் அது அதிகம். சேர்ந்தால் ரத்த அழுத்தம் திடீரென்று ஏறலாம்.

மது விஷயத்தில் எல்லா ஆன்டிபயாடிக்கும் ஒன்றல்ல. மெட்ரோனிடசோல், டினிடசோல் போன்ற சிலவற்றுக்குத்தான் கடுமையான எச்சரிக்கை: முகம் சிவத்தல், வாந்தி, படபடப்பு வரலாம். எல்லோருக்கும் வருவதில்லை, ஆனால் வந்தால் கடுமையாக வரும். மருந்து முடிந்து மூன்று நாள் வரை தொடக் கூடாது. குடிக்காதவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தசமூலாரிஷ்டம் போன்ற ஆயுர்வேத அரிஷ்டங்கள் நொதித்துத் தயாராவதால் அவற்றில் இயல்பாகவே ஆல்கஹால் இருக்கிறது.

இளநீரும் மோரும்

காய்ச்சல்காரருக்கு இளநீர் வாங்கிப் போவது நம் அன்பின் அடையாளம். பெரும்பாலானோருக்கு அது நல்லதும்கூட. ஒரு கோப்பையில் சுமார் 600 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கும். கோ-ட்ரைமாக்சசோல், பொட்டாசியம் சிறுநீரில் வெளியேறுவதைக் குறைக்கும். வயதானவர், சிறுநீரகம் பலவீனமானவர், என்னாலப்ரில், டெல்மிசார்ட்டன் போன்ற ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அந்த நிலையும் மருந்தும் இளநீரும் சேர்ந்து பொட்டாசியத்தை ஏற்றி, இதயத் துடிப்பையே குலைக்கலாம். இவர்களுக்கு அந்த ஒரு வாரம் இளநீர் வேண்டாம்.

மோருக்கு வருவோம். ஆன்டிபயாடிக்கால் வரும் வயிற்றுப்போக்கைச் "சூடு" என்கிறோம். குடலின் நல்ல பாக்டீரியா குலைந்துபோவதன் விளைவு அது. தயிரிலும் மோரிலும் உயிருள்ள பாக்டீரியா இருப்பதால் குடிப்பதில் தவறில்லை. அமாக்சிசிலினோடு எப்போது வேண்டுமானாலும் குடிக்கலாம். சிப்ரோஃப்ளாக்சசின் என்றால் கால்சியத்துக்காக இரண்டு மாத்திரைகளுக்கும் நடுவே, மதியச் சாப்பாட்டில். மருந்து முறிந்துவிடும் என்று சொன்னவர் இந்தக் குடும்பத்தைத்தான் எங்கோ கேள்விப்பட்டிருக்க வேண்டும். குடலுக்கு நல்ல நுண்ணுயிரைத் தரும் புரோபயாட்டிக் கேப்சூல் எழுதியிருந்தால், அதில் இருப்பது பாக்டீரியா என்றால் ஆன்டிபயாடிக்கிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். சாக்கரோமைசிஸ் பவுலார்டி என்று எழுதியிருந்தால் அது ஈஸ்ட் வகை, பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து அதை ஒன்றும் செய்யாது.

ஏற்கெனவே பாலோடு விழுங்கிவிட்டேனே!

இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே யாராவது காலையில் செய்ததை நினைத்துத் திடுக்கிட்டிருப்பீர்கள். ஒரு வேளை தப்பியதால் சிகிச்சை கெட்டுவிடாது. ஈடு செய்ய இன்னொரு மாத்திரை போட வேண்டாம். எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாமல் இரட்டிப்பது ஆபத்து. அடுத்த வேளையிலிருந்து வெறும் தண்ணீரில், சரியான இடைவெளியில் போடுங்கள். மூன்று நான்கு நாளாக அப்படியே நடந்திருந்து நோயும் குறையாமல் இருந்தால் டாக்டரிடம் போங்கள். மருந்து கேட்கவில்லை என்பதோடு, எதோடு, எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். வீட்டில் உள்ள சத்து மாத்திரை, சூரணம், பற்பம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது.